தனுவச்சபுரம் எத்தனை சங்கிலிகளில் இருக்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறினால் பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றின்கரை வரும். அடுத்தது அமரவிளை, அதற்கடுத்தது தனுவச்சபுரம், பிறகு பாறசாலை. பாறசாலையை விட்டதும் மாநில எல்லை கடந்து குழித்துறை மேற்கு, குழித்துறை, பள்ளியாடி, இரணியல் என்று வண்டி குமரி மாவட்டத்துக்குள் போய்விடும். 1979இல் திறந்த பாதை இது.

அதே தண்டவாளத்தில் பரசுராம் எக்ஸ்பிரஸில் வருகிறவருக்கு வரிசை வேறு. அவருக்கு நெய்யாற்றின்கரைக்கு அடுத்த ஊர் பாறசாலை. நடுவே இரண்டு நிறுத்தங்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும், அவ்வளவுதான். வண்டியை இயக்குகிறவர்களுக்கு இன்னொரு வரிசை உண்டு. ஒரு நிலைய அதிகாரி வண்டியை அனுப்பும் முன் அந்தத் திசையில் உள்ள அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் கேட்டு வாங்க வேண்டும். தனுவச்சபுரம் ஹால்ட் வகை நிறுத்தம் என்பதால் அந்தக் கேள்வியும் பதிலும் அதைத் தொடாமலே நடந்துவிடும்.

ஆக, ஒரே இடம். ஒரு வரிசையில் அது இருக்கிறது, மற்ற இரண்டில் இல்லை. எந்த வரிசைக்காகவும் எந்த நிலையத்தையும் பெயர்த்து வைக்கவில்லை. வரிசை தரையில் இல்லை. ‘உனக்கு அடுத்தது எது’ என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரிலும் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. கணினி நிரலாக்கத்தில் இந்த ஏற்பாட்டுக்கு இணைப்புப் பட்டியல் என்று பெயர். மாணவர்கள் லிங்க்டு லிஸ்ட் என்றே சொல்வார்கள்.

தனுவச்சபுரம் சின்ன ஊர்தான். ஆனால் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி, ஐ.எச்.ஆர்.டி.யின் பயன்பாட்டு அறிவியல் கல்லூரி, அரசு ஐ.டி.ஐ. எல்லாம் அங்கே இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று பேசி, ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதும் பிள்ளைகள் வாழும் பகுதி அது. கணினி படிக்கும் மாணவர்களுக்கு முதல் பெரிய மிரட்சி வரும் இடங்களில் ஒன்று இந்த இணைப்புப் பட்டியல். கூட்டல் கழித்தல் நிரல் எழுதும்வரை உற்சாகமாக இருந்தவர்கள், அம்புக்குறி போட்ட பெட்டிகள் பலகையில் வந்ததும் தயங்கத் தொடங்குவார்கள். குற்றம் அவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை. எதற்காக இது பிறந்தது என்பதைச் சொல்லாமல், எண்களை அடுக்கி வைக்கும் இன்னொரு வழி என்று அறிமுகம் செய்கிறோம். எண்களை அடுக்குவதற்கு உலகிலேயே மோசமான வழிகளில் அது ஒன்று என்பதை மட்டும் சொல்வதில்லை.

முதலில் இயக்கத்தைப் பார்த்துவிடலாம். நினைவகம் என்பது 0, 1, 2 என்று முகவரி எண்ணிட்ட இடங்களின் நீண்ட தொடர். அணி, அதாவது அரே, தன் உறுப்புகளைப் பக்கத்துப் பக்கத்து முகவரிகளில் வைக்கும். ஐநூறாவது உறுப்பு வேண்டுமென்றால் தேட வேண்டியதில்லை. தொடக்க முகவரியுடன், ஓர் உறுப்பின் அளவை 499ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும். விலை என்னவென்றால், நடுவில் ஒன்றைப் புதிதாக நுழைக்க நினைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஓரிடம் தள்ள வேண்டும். 10 லட்சம் உறுப்புகள் உள்ள அணியின் தொடக்கத்தில் ஒன்றைச் சேர்த்தால் 10 லட்சமும் நகரும்.

இணைப்புப் பட்டியலில் உறுப்புகள் எங்கே வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கணு. கணுவுக்குள் இரண்டு பகுதி: ஒன்றில் தகவல், மற்றதில் அடுத்த கணுவின் முகவரி. அந்த முகவரியைச் சுமக்கும் பகுதிக்குச் சுட்டி, அதாவது பாயிண்டர், என்று பெயர். நம் ரயில் பாதையின் ஒரு துண்டை இப்படி வைத்துக்கொள்வோம். முகவரி 4100இல் நெய்யாற்றின்கரை. அதன் சுட்டி 2036. முகவரி 2036இல் அமரவிளை. அதன் சுட்டி 3000. முகவரி 3000இல் பாறசாலை. அதன் சுட்டி 0, அதாவது இதற்குப் பிறகு யாரும் இல்லை. பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது தலைக்கணுவின் முகவரியான 4100 மட்டுமே. எண்களின் ஏறுவரிசையில் பார்த்தால் அமரவிளைதான் முதலில் வரும். பட்டியல் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இப்போது தனுவச்சபுரத்தைச் சேர்க்க வேண்டும். நினைவகத்தில் காலியாக இருந்த 7712இல் அதற்கு இடம் கிடைத்தது. அமரவிளைக்குப் பின்னால் அதை நுழைக்க இரண்டே வரி போதும்:

புதியது→அடுத்தது = அமரவிளை→அடுத்தது
அமரவிளை→அடுத்தது = புதியது

முதல் வரிக்குப் பின் தனுவச்சபுரத்தின் சுட்டியில் 3000 ஏறியது. இரண்டாம் வரிக்குப் பின் அமரவிளையின் சுட்டியில் 7712 ஏறியது. பாறசாலைக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதற்கு அப்பால் பத்து நிலையம் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் வேலை இந்த இரண்டு வரிதான்.

இந்த இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். அமரவிளையின் சுட்டியில் முதலில் 7712 எழுதினால் அங்கே இருந்த 3000 அழிந்துபோகும். அந்த எண் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பாறசாலையும், அதற்குப் பின்னால் ஊர்கள் இருந்தால் அவையும் நினைவகத்தில் அப்படியே இருக்கும், ஆனால் அங்கே போகும் வழியை அறிந்தவர் யாருமில்லை. அடுத்து, ‘புதியதின் அடுத்தது, அமரவிளையின் அடுத்தது’ என்ற வரி ஓடும்போது தனுவச்சபுரம் தன்னையே சுட்டிக்கொள்ளும். பட்டியலைப் படிக்கப் போகும் நிரல் அந்த ஒரே நிலையத்தை முடிவில்லாமல் சுற்றும். ஆய்வகங்களில் நிரல் உறைந்து நிற்பதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: சரியான வரிசையைப் பலகையில் எழுதிப் போடுவதற்கு முன்னால், தவறான வரிசையை மாணவர்களே தாளில் வரைந்து, 3000 என்ற எண் எந்த நொடியில் உலகிலிருந்து மறைகிறது என்று கண்டுபிடிக்க விடுங்கள். புதிய கணு முதலில் தன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பழைய பிடியை விட வேண்டும் என்பது அதன்பின் மறக்காது.

‘நடுவில் செருகுவது அணியில் கடினம், இணைப்புப் பட்டியலில் சுலபம்’ என்று எல்லாப் பாடக்குறிப்புகளிலும் இருக்கும். அது பாதி உண்மைதான். அமரவிளை எந்த முகவரியில் இருக்கிறது என்று கையில் இருந்தால்தான் இரண்டு வரி வேலை. இல்லையென்றால் தலையிலிருந்து ஒவ்வொரு சுட்டியாகப் பின்தொடர்ந்து அங்கே வந்து சேர வேண்டும். ஐநூறாவது கணுவை அடைய 499 முறை சுட்டியைப் பின்தொடர வேண்டும். குறுக்குவழி இல்லை.

அந்த நடையின் செலவு இன்றைய கணினிகளில் நினைப்பதைவிட அதிகம். செயலி வேகமாக வளர்ந்த அளவுக்கு நினைவகம் வேகமாகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் செயலிக்குள்ளேயே கேஷ் என்ற சிறு, வேகமான நினைவகம் இருக்கிறது. கேஷில் இருப்பதை எடுக்க ஒரு நானோ வினாடி அளவில் ஆகும். வெளியே முதன்மை நினைவகம்வரை போய்வர நூறு நானோ வினாடி அளவில் ஆகலாம். கேஷுக்குள் வருவதும் தனித்தனி பைட்டாக வருவதில்லை; பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட துண்டாக வரும். 4 பைட் எண்களின் அணி என்றால் ஒரு துண்டில் 16 எண்கள் சேர்ந்தே வந்துவிடும். அடுத்த துண்டு எது என்பதையும் செயலி முன்கூட்டியே ஊகித்துக் கொண்டுவந்து வைத்துவிடும். சிதறிய கணுக்களில் இந்த ஊகம் பலிக்காது. ஒரு கணுவைப் படித்த பிறகுதான் அடுத்தது எங்கே என்றே தெரியும். இடமும் வீணாகிறது: 64 பிட் லினக்ஸ் கணினியில் 4 பைட் எண்ணை வைத்திருக்கும் ஒரு கணுவில் சுட்டிக்கு 8 பைட், சீரமைப்புக்கான காலி இடமாக 4 பைட் போய்விடும். தனித்தனியாக இடம் கேட்டு வாங்கும்போது, வழக்கமான சி நூலகம் ஒவ்வொரு கணுவுக்கும் குறைந்தது 32 பைட் ஒதுக்குகிறது. 4 பைட் எண்ணுக்கு 32 பைட்.

சி++ மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் 2012இல் ஓர் உரையில் இதை வரைபடம் போட்டே காட்டினார். வரிசை மாறாமல் எண்களைச் செருகுவது, நடுவிலிருந்து நீக்குவது ஆகிய வேலைகளில் இணைப்புப் பட்டியல்தான் வெல்லும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். அளந்து பார்த்தால் அணியே வென்றது. இடத்தைத் தேடிப் போகும் நடையில் ஆன நேரம், உறுப்புகளைத் தள்ளி வைக்கும் நேரத்தை விழுங்கிவிட்டது. அதன்பின் ‘இணைப்புப் பட்டியலை விட்டுவிடுங்கள்’ என்பது நிரலர்கள் நடுவே ஒரு வாய்ப்பாடு போல ஆகிவிட்டது. எண்களை அடுக்கும் வேலைக்கு அந்த அறிவுரை முழுக்கச் சரி. ஆனால் அந்த வேலைக்காக அது பிறக்கவே இல்லை.

பிறந்த கதை 1950களின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா இருவரும் கார்னெகி கல்வி நிறுவனத்தின் ஹெர்பர்ட் சைமனுடன் சேர்ந்து, தர்க்கத் தேற்றங்களைத் தானே நிறுவும் நிரல் ஒன்றை எழுத முயன்றார்கள். லாஜிக் தியரிஸ்ட் என்று அதற்குப் பெயர். ஒயிட்ஹெட்டும் ரஸ்ஸலும் எழுதிய பிரின்சிபியா மேதமேட்டிகா நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ அது நிறுவியது. அங்கே அவர்களுக்கு வந்த சிக்கல் இது: ஒரு தேற்றத்தை மாற்றி மாற்றி எழுதும்போது அது எவ்வளவு நீளும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஒன்று சுருங்கும், ஒன்று மூன்றாகக் கிளைக்கும். முன்னதாகவே அளவு சொல்லி இடம் பிடிக்கும் அணியால் அதைத் தாங்க முடியவில்லை. எனவே ஐபிஎல் என்ற மொழியை உருவாக்கி, எல்லாத் தகவலையும் சுட்டிகளால் கோத்தார்கள். காலியாக உள்ள இடங்களையும் அதேபோல ஒரு பட்டியலாகக் கோத்து வைத்தார்கள். இடம் வேண்டுமென்றால் அந்தக் காலிப் பட்டியலின் தலையிலிருந்து ஒன்றை உருவு; வேலை முடிந்தால் திரும்ப அதன் தலையிலேயே சேர்த்துவிடு. இன்று ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது உள்ளே நடப்பதும் பெரும்பாலும் இதுவேதான். நியூவெல்லும் ஷாவும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்த பெட்டியும் அம்புக்குறியும்தான் இன்றும் நம் கரும்பலகைகளில் இருப்பவை.

அடுத்து வந்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958இல் அவர் வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழிக்குப் பட்டியலே மூச்சு. ஐபிஎம் 704 கணினியின் 36 பிட் சொல்லுக்குள் 15 பிட் கொண்ட இரண்டு பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி அடங்கும். ஒரே சொல்லில் தகவலைச் சுட்ட ஒன்று, அடுத்த கணுவைச் சுட்ட ஒன்று என்று அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். யாரும் சுட்டாமல் அநாதையாகிப் போன கணுக்களைக் கணினியே தேடிச் சேகரிக்கும் முறையும் லிஸ்புடன்தான் வந்தது. மேலே நாம் தொலைத்த பாறசாலை போன்றவற்றுக்கான மருந்து அது. இந்த மரபில் நம் பக்கத்துக்காரர் ஒருவரும் வருகிறார். சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்து, 1958இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966இல் முனைவரானார். பின்பு 1969இல் நியூவெல்லும் சைமனும் இருந்த கார்னெகி மெல்லனுக்கே இணைப் பேராசிரியராகப் போனார். 1994இல் டூரிங் விருது பெற்றார். ஆசிய வம்சாவளியினரில் அதை முதலில் பெற்றவர் அவர்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இணைப்புப் பட்டியலின் உண்மையான பலம், ஒரு பொருளை நகர்த்தாமல் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் கோக்கலாம் என்பதுதான். இதற்கு நல்ல சாட்சி தனுவச்சபுரம் வட்டாரப் பள்ளிகளின் கணினி அறைகளிலேயே இருக்கிறது. கேரளம் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. அது 2017இல் கைட் என்ற நிறுவனமானது. அதன் வழியாகப் பொதுப் பள்ளிகளில் ஓடுவது உபுண்டுவை அடியொற்றிய லினக்ஸ். பிள்ளைகள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருவகம், அதாவது கெர்னல்தான். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதில் லிஸ்ட்.எச் என்று ஒரு கோப்பு உண்டு. கருவகத்தின் எல்லா மூலைகளும் அந்தக் கோப்பை அழைக்கின்றன.

அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் மாணவர் முதலில் திகைப்பார். பாடநூலில் படித்த கணுவில் தகவல் இருக்கும், சுட்டி இருக்கும். இங்கே கணுவில் இரண்டு சுட்டிகள் மட்டுமே: முந்தையது, அடுத்தது. தகவல் எங்கே? தகவலுக்குள் கணு இருக்கிறது. பாடநூல் முறையில் பட்டியல் பொருளைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் பொருள்தான் பட்டியலின் கொக்கியைத் தன் உடம்பில் பொருத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கருவகம் ஒரு பெரிய பதிவேட்டை வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பல கொக்கிகள். ஒன்று, கணினியில் ஓடும் எல்லா நிரல்களின் பட்டியலுக்கு. இன்னொன்று, தன்னைப் பெற்ற நிரலின் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நிற்க. வேறொன்று, தான் பெற்ற பிள்ளைகளின் பட்டியலுக்குத் தலையாக. பதிவேடு ஒன்றே, அது இருக்கும் முகவரியும் ஒன்றே. எத்தனை வரிசைகளில் சேர வேண்டுமோ அத்தனை கொக்கிகள். கொக்கியின் முகவரி கிடைத்தால் பதிவேட்டின் தொடக்கத்துக்கு எப்படிப் போவது? கொக்கி பதிவேட்டுக்குள் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று தொகுப்பிக்கு, அதாவது கம்பைலருக்கு, தெரியும். அதைக் கழித்தால் தொடக்கம் வந்துவிடும். ஒரு கழித்தலில் முடிகிற வேலை.

அணியில் இதைச் செய்வதென்றால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி அணி வேண்டும். ஒரு நிரல் முடிந்து போகும்போது எல்லா அணிகளிலும் அதைத் தேடி நீக்கி, இடைவெளியை மூட வேண்டும். இங்கே பொருளே கையில் இருப்பதால் தேடும் நடை கிடையாது. ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் அளந்து காட்டிய செலவு இந்த இடத்தில் எழவில்லை. இருபக்கச் சுட்டி இருப்பதால் முந்தையவரைக் கண்டுபிடிக்கவும் நடக்க வேண்டாம்:

அடுத்தது→முந்தையது = முந்தையது
முந்தையது→அடுத்தது = அடுத்தது

ஒரு கணுவை நீக்க இவ்வளவே. ‘இது முதல் கணுவா, கடைசிக் கணுவா’ என்ற கேள்விகூட இல்லை. காரணம், பட்டியல் வட்டமாக மூடியிருக்கிறது. தலையும் ஒரு கணுதான். கடைசிக் கணுவுக்கு அடுத்தது தலை. எந்தக் கணுவை எடுத்தாலும் அதற்கு இரு பக்கமும் யாராவது இருப்பார்கள்.

நீக்கியபின் லினக்ஸ் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே வந்த கணுவின் இரண்டு சுட்டிகளிலும், ஒருபோதும் செல்லுபடியாகாத இரண்டு முகவரிகளை எழுதி வைக்கிறது. மூலநிரலில் அவற்றுக்கு நஞ்சு என்றே பெயர். பட்டியலை விட்டுப் போன கணுவை யாராவது தவறுதலாக மறுபடி பின்தொடர்ந்தால், அந்த நொடியே கருவகம் முறையிட்டு நிற்கும். பிழை அமைதியாக உள்ளே பரவி, மூன்று நாள் கழித்து வேறொரு மூலையில் வெடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். சுட்டிகளோடு வேலை செய்கிறவர்கள் இந்த எச்சரிக்கையைப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர்கள். எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார்.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016இல் டெட் மேடையில் பேசியபோது, நல்ல நிரல் ரசனைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியதும் இணைப்புப் பட்டியல்தான். ஒருபக்கச் சுட்டி மட்டும் உள்ள பட்டியலிலிருந்து ஒரு கணுவை நீக்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் எழுதுவது: முந்தைய கணுவை நினைவில் வைத்துக்கொண்டே நட, கண்டதும், அது தலையா என்று சோதி, தலையென்றால் ஒரு வழி, இல்லையென்றால் இன்னொரு வழி. டோர்வால்ட்ஸின் இரண்டாவது வடிவத்தில் அந்தச் சோதனையே இல்லை. அவர் கணுவை நினைவில் வைப்பதில்லை. ‘இந்தக் கணுவின் முகவரி எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது’ என்ற இடத்தையே நினைவில் வைக்கிறார். அந்த இடம் தலைச் சுட்டியாக இருக்கலாம், வேறொரு கணுவின் சுட்டியாக இருக்கலாம். எதுவானாலும் அங்கே எழுதியிருக்கும் முகவரியை மாற்றுவது ஒரே வேலைதான். சுட்டிக்குச் சுட்டி என்று கேட்டதும் பயப்படும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நினைவகத்துக்கு வெளியேயும் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. 32 ஜிபிவரை உள்ள பென்டிரைவுகளிலும் மெமரி கார்டுகளிலும் பெரும்பாலும் ஃபாட்32 என்ற கோப்பு முறையைக் காணலாம். அதன் மூதாதை 1977இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு எழுதியது. வட்டு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்பின் பெயருக்கு நேராக முதல் துண்டின் எண் மட்டுமே இருக்கும். அடுத்த துண்டு எது என்பதை அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே பார்க்க வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணுக்கு நேரே அடுத்தது. கல்யாண வீடியோ ஒன்று கார்டின் பத்துப் பதினைந்து இடங்களில் சிதறிக் கிடந்தாலும் திரையில் தடையின்றி ஓடுவது இந்தச் சங்கிலியால்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கினால் ஆபத்து என்று சொல்வதும் அதனால்தான். சங்கிலி எழுதப்பட்டு, கோப்பின் பெயருக்கு நேரே தலை எண் எழுதப்படாமல் போனால் அந்தத் துண்டுகள் அநாதையாகும். இரண்டு கோப்புகளின் சங்கிலிகள் ஒரே துண்டில் போய்ச் சேர்ந்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும். சரிபார்க்கும் கருவிகள் தேடுவது இந்த நோய்களைத்தான்.

சங்கிலி எங்காவது தன்னையே திரும்பிச் சுட்டி வளையமாகிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? போன இடங்களையெல்லாம் குறித்து வைத்தால் முடியும், ஆனால் அதற்கு இடம் வேண்டும். ராபர்ட் ஃபிளாய்டின் பெயரால் வழங்கும் முறைக்கு இரண்டு சுட்டிகள் போதும். இரண்டும் தலையிலிருந்து புறப்படும். ஒன்று ஒவ்வொரு கணுவாகவும், மற்றது இரண்டிரண்டு கணுவாகவும் போகும். வளையம் இல்லையென்றால் வேகமானது முடிவை எட்டிவிடும். வளையம் இருந்தால் இரண்டும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் சரியாக ஒன்று குறையும் என்பதால், ஒன்றை மற்றது தாண்டிப் போக வழியே இல்லை. சந்தித்தே தீர வேண்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படும் பழைய கேள்வி இது. விடையை மனப்பாடம் செய்யாமல், தூரம் ஏன் ஒன்றே ஒன்று குறைகிறது என்று ஒருமுறை வரைந்து பார்த்தவர்கள் திணறுவதில்லை.

நடக்காமல் தாண்டிப் போக முடியாது என்ற குறைக்கும் ஒரு மருந்து வந்தது. 1990இல் வில்லியம் பியூ ஸ்கிப் லிஸ்ட் என்ற அமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதினார். பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும் ஒரே பாதையில் ஓடும் ஏற்பாடுதான் அது. கீழ்த்தளத்தில் எல்லாக் கணுக்களையும் தொடும் பட்டியல். அதற்கு மேல் ஏறத்தாழப் பாதிக் கணுக்களை மட்டும் தொடுவது. அதற்கும் மேல் கால்வாசி. தேடும்போது மேல்தளத்தில் தொடங்கி, இலக்கைத் தாண்டிவிடும் என்று தெரிந்ததும் ஒரு தளம் இறங்க வேண்டும். எந்தக் கணு எந்தத் தளம்வரை நிற்கும் என்பதைக் கணு பிறக்கும்போது நாணயம் சுண்டித் தீர்மானிக்கிறார்கள். யாரும் உட்கார்ந்து சமன் செய்ய வேண்டாம், நிகழ்தகவே பார்த்துக்கொள்ளும். 10 லட்சம் கணுக்களில் ஒன்றைத் தேட சராசரியாக 40 அடி அளவில் போதும். இணையச் சேவைகள் பரவலாகப் பயன்படுத்தும் ரெடிஸ் தரவுத்தளம் தரவரிசைப் பட்டியல்களை இப்படித்தான் வைத்திருக்கிறது.

லினக்ஸ் நீக்கிய கணுவுக்கு நஞ்சு வைக்கிறது என்றேன். அதற்கு நேர் எதிரான ஒரு வித்தையும் இருக்கிறது. ஜப்பானியர்களான ஹிடோட்சுமாட்சுவும் நோஷிடாவும் 1979இல் சொன்ன கருத்து அது. டொனால்டு கனூத் 2000இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு நடனமாடும் இணைப்புகள் என்ற பொருளில் பெயர் வைத்துப் பரப்பினார். இருபக்கப் பட்டியலிலிருந்து ஒரு கணுவை நீக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களின் சுட்டிகள்தான் மாறுகின்றன. நீங்கியவரின் சொந்தச் சுட்டிகளைத் தொடாமல் விட்டால், தனக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று அவருக்கு இன்னும் தெரியும். எனவே அவரைப் பழைய இடத்தில் சேர்க்க:

முந்தையது→அடுத்தது = நான்
அடுத்தது→முந்தையது = நான்

சுடோகு போன்ற புதிர்களில் ஒரு எண்ணை வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திரும்பி வந்து வேறொன்றை முயல வேண்டும். வழக்கமான 9×9 சுடோகுவில் எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று 729 வாய்ப்புகள், நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் 324. ஒவ்வொரு வாய்ப்பும் 4 நிபந்தனைகளைத் தொடும். மொத்தம் 2,916 கணுக்கள். ஒவ்வொரு கணுவும் தன் வாய்ப்பின் வட்டத்தில் ஒருமுறை, தன் நிபந்தனையின் வட்டத்தில் ஒருமுறை என இரண்டு பட்டியல்களில் ஒரே நேரத்தில் நிற்கிறது. ஒரு எண்ணை வைத்ததும் முரண்படும் கணுக்கள் எல்லாம் விலகும். பின்வாங்கும்போது அவை தாமாகவே பழைய இடத்துக்கு வந்து பொருந்தும். எதையும் நகலெடுத்து வைக்கத் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: கடைசியாக நீக்கியதை முதலில் சேர்க்க வேண்டும். நோட்டில் நான்கு பெட்டிகளை இருபக்க அம்புகளோடு வரைந்து, இரண்டாவதை முதலிலும் மூன்றாவதைப் பிறகும் நீக்குங்கள். பிறகு இரண்டாவதை முதலில் சேர்த்து, மூன்றாவதைச் சேர்க்காமல் விட்டுவிட்டு அம்புகளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இடமிருந்து போனால் ஒரு வரிசை வரும், வலமிருந்து வந்தால் வேறொரு வரிசை வரும்.